பாதிச் சோற்றில் எழுந்த விருந்தாளி

ஈயைப் பற்றி ஒரு மனுஷிக்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பு அம்மாக்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமையில் இருந்து உங்களில் சிலர் எனக்குத் தனித்தனியாக அனுப்பிய அறிவுரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்.

அந்த புராஜெக்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். துருக்கியில் ஏதோ ஒரு பள்ளியோடு நம் வகுப்பைக் கோத்துவிட்டார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் ஆங்கில விலங்குப் பெயர். அந்த ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பொருள் உண்டோ அத்தனைக்கும் படம் வரைய வேண்டும். பக்கத்திலேயே அதற்கான துருக்கிச் சொல். வெள்ளிக்கிழமைக்குள் சார்ட் தயாராக வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைகள்! உங்களில் ஒருவருக்கு வௌவால் வந்தது, ஒருவருக்குக் கொக்கு, ஒருவருக்கு எலி. எங்களுக்கு வந்தது ஃப்ளை.

நம் வகுப்பின் போன் குழுவில் யாராவது ஒரு வார்த்தை சொன்னோமா? "சூப்பர் மிஸ்." "வெரி நைஸ் ஐடியா மிஸ்." பிறகு வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் கும்பிட்டேன். அனுப்பிய பிறகு, ஒரு கும்பிடு போதுமா, மற்றவர்கள் மூன்று போட்டிருக்கிறார்களே என்று வேறு கவலைப்பட்டேன்.

சார்ட்டை யார் செய்தார்கள் என்று நமக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வீடியோவில் அந்தத் துருக்கிப் பிள்ளைகள் வெள்ளைக் காலரோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் என் மகளிடம், சார்ட் செய்தது பிடித்திருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். "நோ மிஸ். அம்மா டிட் இட். ஷீ ஷவுட்டட் ஆல்சோ" என்றாள் என் மகள். தெளிவாக, நல்ல உச்சரிப்போடு.

சாயங்காலமே மிஸ்ஸின் குரல் பதிவு வந்தது. திங்கட்கிழமை குழந்தையோடு வரச் சொல்லி. "வெளிநாட்டு விருந்தாளிங்க முன்னாடி அப்படிச் சொல்லலாமாங்க மேடம்? ஒரு சாரி மட்டும் சொல்லச் சொல்லுங்க."

விருந்தாளி முன்னாடி. இதைக் கேட்டதும் பழைய குரல் ஒன்று என் காதில் கேட்டது. என் பெரியப்பாவின் குரல்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. அவிநாசிக்கு வெளியே ஒரு நூல் மில்லில் அப்பா கார்டிங் மேஸ்திரி. பஞ்சைச் சீவிப் பதமாக்குகிற பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. முதலாளி துருக்கியில் மூடிப்போன ஒரு மில்லில் இருந்து பழைய மெஷின்களை வாங்கிப் பெட்டி பெட்டியாக இறக்கினார். அவற்றைப் பூட்டிக் கொடுக்க ஒரு மெக்கானிக்கும் கூடவே வந்தார். மில்லில் தங்க வசதி இல்லாததால் எங்கள் வீட்டு மாடி அறை அவருக்கு என்று முடிவானது. சாப்பாடும் எங்கள் வீட்டிலேயே.

"மேஸ்திரி, உங்க ஊட்டுப் புள்ளதான் இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்குதாமுல்லங்க. அப்பறம் பேச்சுக்கென்ன பஞ்சம்?" என்றாராம் முதலாளி.

பெரியவர்கள் எல்லோருக்கும் இதே நினைப்பு. இங்கிலீஷ் ஸ்கூல் வேனில் ஏறுகிற பிள்ளைக்கு இங்கிலீஷ் வந்துவிடும் என்று. எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு பாட்டு, ஒரு விடுப்புக் கடிதம், பாத்ரூம் போக அனுமதி கேட்கும் வாக்கியம். துருக்கிக்காரருக்கு அதுவும் தெரியாது. அவரிடம் இருந்தது சிவப்பு பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சின்ன அகராதி.

இதில் பெரியப்பா வேறு வந்து சேர்ந்தார். காங்கேயம் பக்கம் தோட்டமும் மாடுமாக இருந்தவர். என்னைக் கோயமுத்தூர்ப் பக்கம் வேனில் அனுப்பிப் படிக்க வைப்பது அவருக்கு ஆரம்பத்தில் இருந்தே பிடிக்கவில்லை.

"ஏம்ப்பா, ஊட்டுப் பக்கத்துலயே கவருமெண்டு பள்ளிக்கொடம் இருக்குது. பொட்டப்புள்ளய அத்தன தொலவு அனுப்பி என்னத்தக் கண்டே? சரி, ஒண்ணு பண்ணு. இந்தத் துருக்கிக்காரரு போறதுக்குள்ள புள்ள அவருகூடப் பேசிக் காட்டட்டும். பேசுச்சுன்னா அங்கயே படிக்கட்டும். இல்லீன்னா ஜூன் மாசம் இங்க சேத்திப்போடு."

"சரிங்கண்ணா" என்றார் அப்பா.

என் இங்கிலீஷ் ஸ்கூலில் ஓர் ஆய்வகம் இருந்தது. ஆறாம் வகுப்பில் இருந்துதான் உள்ளே விடுவார்கள். நான் தினமும் அதன் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பேன். கண்ணாடிக் குடுவைகள், வளைந்த குழாய்கள், ஜாடிக்குள் கண் திறந்தபடி ஒரு பாம்பு, கூடவே அந்த ஸ்பிரிட் வாசனை. ஜூன் மாதம் உள்ளே போய்விடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு இப்படி ஒரு பரீட்சை.

துருக்கிக்காரர் சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு புட்டியில் இருந்து எலுமிச்சை மணக்கும் தண்ணீரைக் கையில் ஊற்றித் தேய்த்துக்கொள்வார். என் கையிலும் ரெண்டு சொட்டு விடுவார். டீ குடிக்க அவரே ஊரில் இருந்து கண்ணாடி டம்ளர் கொண்டுவந்திருந்தார். இடுப்புச் சிறுத்த சின்ன டம்ளர். பால் இல்லாத டீதான் குடிப்பார். அம்மாவால் அதைத் தாங்கவே முடியவில்லை.

"பாவம், எந்த ஊருல பொறந்தாரோ, பாலு ஊத்தக்கூட ஆளில்லாம வெறுந்தண்ணியக் குடிக்கறாரு பாருங்க" என்று சொல்லி, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பாலை ஊற்றிவிடுவார். அவர் நாக்கால் 'ச்' கொட்டித் தலையை மேலே தூக்குவார். வேண்டாம் என்பதற்கு அவர்கள் ஊரிலும் அதேதான். அம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் விருந்தாளி முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வார்? அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்.

மில்லுக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாளே துருக்கிக்காரர் பறக்கிற பஞ்சுத்தூசியை ஒரு பிடி பிடித்து, "ஃப்ளை?" என்று கேட்டார். மில்லில் எல்லோரும் அதைப் ப்ளை என்றுதான் சொல்வார்கள் என்று அப்பா தலையாட்டினார். அகராதியைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடினார் மனிதர். தேடியவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரே சொல்லுக்குப் பக்கம் முழுக்க அர்த்தம்.

அன்றிலிருந்து அது எங்கள் பாடமானது. அவர் 'ஙொய்' என்று சத்தம் போட்டு விரலைச் சுற்றிக் காட்டினால், சினெக். ஈ. கைகளை விரித்தால், உச்மாக். பறப்பது. அடுத்த அர்த்தத்துக்கு வந்ததும் அவர் காது சிவந்தது. கால்சட்டையின் முன்பக்கத் திறப்பையும் ஆங்கிலேயர்கள் ஃப்ளை என்றே சொல்வார்களாம். அம்மா பக்கத்தில் நின்றதால் அவசரமாக என் பள்ளிப் பையை இழுத்து அதன் ஜிப்பைக் காட்டி, "ஃபெர்முவார்" என்றார். கடைசியாகப் பஞ்சுத்தூசி. அது அகராதியில் இல்லை. அவராகவே சொல்லிக் கொடுத்தார். உச்சுந்து. என் காதில் அப்படித்தான் விழுந்தது. நிறைய என்றால் ச்சோக்.

ஆங்கிலம் மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. உலகத்தையே பிடித்து வைத்திருந்தவர்களுக்கு பொருளுக்கொரு வார்த்தை வைக்க முடியவில்லையா? துருக்கி எவ்வளவு யோக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் என்று நினைத்தேன். அதுவும் நீடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சீட்டாடும்போது கிளாவர் சீட்டைத் தட்டி, "சினெக்" என்றார். கறுப்பு இலை மூன்று சேர்ந்த அந்தப் படம், அவர்கள் ஊரில் ஈயாம். நான் அவரை முறைத்தேன். அவர் தோளைக் குலுக்கினார்.

எங்கள் பேச்சு எல்லாம் இப்படி ரெண்டு மூன்று சொல்தான். ஆனால் நடந்தது. சோறு வேண்டுமா, ஸ்பேனர் எங்கே, மழை வருமா, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் கேட்டுக்கொண்டோம். அப்பாவை அவர் "உஸ்தா" என்று கூப்பிடுவார். மேஸ்திரி என்று அர்த்தம்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. பூஜை போட்டார்கள். அதன்பிறகுதான் வினை. தூசியை உறிஞ்சி இழுக்க வேண்டிய குழாய் இழுக்கவில்லை. பஞ்சு பறந்து பறந்து ஹால் முழுக்கப் பனி மாதிரி. நூலில் எல்லாம் முடிச்சு. அங்கே வேலை செய்த அக்காக்கள் சேலை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இருமினார்கள். அப்பா வீட்டுக்கு வந்தால் புருவம் வெள்ளையாக இருக்கும். இரவெல்லாம் இருமுவார்.

"அவருகிட்டச் சொல்லிப்போட வேண்டியதுதானுங்களே?" என்று அம்மா கேட்டதற்கு அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"எப்படிச் சொல்றது? நம்ம ஊட்டுச் சோத்தத் திங்கறவரு. போற நேரத்துல மனசு நோகடிச்சு அனுப்பறதா? அவரே பாத்துக்குவாரு."

அவரே பார்த்துக்கொள்ளவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் அப்பா "குட்டுங்க, வெரி குட்டுங்க" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சரி என்று அவர் பெட்டி கட்டினார்.

கிளம்புகிற நாள் மத்தியானம் விருந்து. பெரியப்பாவும் வந்திருந்தார், என் பரீட்சையைப் பார்க்க. அம்மா விடியற்காலையில் இருந்து சந்தகை பிழிந்துகொண்டிருந்தார், எங்கள் ஊர் இடியாப்பம். துருக்கிக்காரருக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை என்றால் உயிர். கோழியை அவருக்காகவே பாய் கடையில் சொல்லி வாங்கியிருந்தார்கள். இனிப்புக்கு ஒப்புட்டு, கச்சாயம். தலைவாழை இலை போட்டு உட்காரவைத்தார்கள்.

அவர் இலையில் பாதி முடித்திருப்பார். அப்பா தொண்டையைக் கனைத்தார். கடைசி நேரத்தில் ஏதோ துணிச்சல்.

"அம்மணி, நாஞ் சொல்றத அவருகிட்ட அப்படியே சொல்லு." என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, துருக்கிக்காரரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு ஆரம்பித்தார். "ஐயா, மெஷினெல்லாம் அருமையா ஓடுதுங்க. உங்க கைராசி அப்படிங்க. நீங்க வந்தது நாங்க குடுத்து வெச்சதுங்க. ஒண்ணும் தப்பா நெனச்சுக்கப்படாதுங்க. இந்தப் ப்ளை மட்டும், அதும் பெருசா ஒண்ணுமில்லீங்க, லேசா, ஒரு பக்கமா, இருக்கற மாதிரி ஒரு இதுங்க. நம்ம கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னமோங்க."

முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பெரியப்பாவும் மீசையை நீவியபடி என்னைப் பார்த்தார்.

இதை எந்த மொழியில் சொல்வது? லேசா, ஒரு பக்கமா, இருக்கற மாதிரி. என்னிடம் இருந்த சொற்கள் எல்லாவற்றையும் தேடிப் பார்த்தேன்.

"மெஷின் பேட்" என்றேன். "உச்சுந்து ச்சோக். பைப் நோ குட்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "பேட்?" என்று அப்பாவிடம் திரும்பினார்.

"இல்லீங்க, இல்லீங்க! குட்டுங்க, குட்டு!" என்றார் அப்பா. கூப்பிய கை இறங்கவில்லை.

துருக்கிக்காரர் மறுபடி என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். காதோரம் இன்னும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"பேட்" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். தேங்காய்ப்பால் இலையில் ஓடிக்கொண்டிருக்க, பாதிச் சந்தகை அப்படியே கிடக்க, எழுந்து வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து ஸ்பேனர்களை எடுத்தார். கைகூடக் கழுவவில்லை. அம்மா தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே வாசல்வரை ஓடினார். அவர் அதற்குள் அப்பாவின் மொபெட் பக்கம் போய் நின்று, "உஸ்தா, உஸ்தா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் ஓடினார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். இலையில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. உண்மையான ஈ.

"விருந்தாளி முன்னாடி பேசற பேச்சா இது?" என்றார் பெரியப்பா. "பாதிச் சோத்துல எந்திரிக்க வெச்சுட்டியே! நம்ம ஊட்டுல இப்படி ஒரு காரியம் நடந்ததுண்டா?"

அம்மா இலையை மடித்து எடுத்துப் போனார். தோள் குலுங்கியது.

அவர்கள் திரும்பி வரும்போது நன்றாக வெயில் சாய்ந்திருந்தது. குழாய்க்குள் ஒரு தகடு தலைகீழாக மாட்டியிருந்ததாம். திருப்பி மாட்டியதும் ஹால் பளிச்சென்று ஆகிவிட்டதாம். துருக்கிக்காரர் தலை முழுக்கப் பஞ்சு. வந்தவர் நேராகச் சாப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து, இலை எங்கே என்று கையைக் காட்டினார். அம்மா அழுதுகொண்டே மறுபடி சந்தகை பிழிந்தார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார் மனிதர். பிறகு எலுமிச்சைத் தண்ணீரை என் ரெண்டு கையிலும் நிறைய ஊற்றினார். என்னைச் சுட்டி அப்பாவிடம் சொன்னார்: "உஸ்தா."

யார் காதிலாவது விழுந்ததா? "எத்தன பெரிய மனசு பாருங்க. புள்ள பேசுனத மனசுல வெச்சுக்கலியே" என்றார் அம்மா. "நல்ல மனுசன், பொறுத்துக்கிட்டாரு" என்றார் அப்பா. டீ டம்ளரை அவர் எனக்கென்றே விட்டுவிட்டுப் போனார். அம்மா அதைக் கொஞ்ச நாள் ஷோகேஸில் வைத்திருந்துவிட்டு, எண்ணெய் அளக்க எடுத்துக்கொண்டார். வீடு மாறும்போது எங்கேயோ தொலைந்துபோனது.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

"இங்கிலீஷு பேசுது. இல்லீங்கல. நல்லாவே பேசுது. அதுக்குத்தான் வேண்டாங்கறேன். இன்னும் நாலு வருசம் அங்க படிச்சா, ஊட்டுக்கு வர்றவனெல்லாம் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போவான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். பேசினால் அங்கேயே படிக்கலாம் என்றுதானே ஒப்பந்தம்? மில்லில் அன்று மத்தியானத்தில் இருந்து யாரும் இருமவில்லை. முதலாளி அப்பாவின் தோளில் தட்டிக்கொடுத்திருந்தார். அதை அப்பாவே வந்து சொன்னார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அண்ணனிடம் சொல்லியிருக்கலாம்.

"சரிங்கண்ணா" என்றார் அப்பா.

ஜூன் மாதம் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்தேன். அந்தப் பள்ளியைக் குறை சொல்லவில்லை. அங்கே படித்துத்தான் காலேஜ் போனேன், வேலைக்குப் போனேன். ஆய்வகம்கூட இருந்தது. ஆனால் அந்தக் கோடைக்குப் பிறகு எந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்பும் அதை ரெண்டு தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்க்காமல் நான் வாயைத் திறந்ததில்லை. கும்பிடு ஒன்று போடுவதா மூன்று போடுவதா என்று யோசிக்கிற ஆள் எங்கிருந்து வந்தாள் என்று நினைக்கிறீர்கள்? அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று இத்தனை வருடம் சொல்லிவந்தேன். எழுதும்போது பார்த்தால் நிறையவே இருக்கிறது. பஞ்சை விழுங்கிக்கொண்டு குட்டுங்க என்றவர், அண்ணனிடம் எப்படி வேறு மாதிரி பேசியிருக்க முடியும் என்பதும் இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் இதே பேச்சு. "ஒரு சாரிதானே, சொல்லிட்டு வந்துருங்க. படிக்கற எடத்துல எதுக்கு வம்பு?" என்றார் என் வீட்டுக்காரர். நீங்களும் அதையேதான் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பிறகு தப்பென்று பட்டது. பிறகு மிஸ் பாவம் என்று தோன்றியது. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் பொய் சொல்லலையேம்மா" என்றாள். "நீங்கதானே செஞ்சீங்க? கத்துனீங்களா இல்லையா?"

கத்தினேன். ஃப்ளைக்குத் துருக்கியில் என்ன என்று போனில் தேடினால் எல்லாவற்றுக்கும் சினெக் என்றே வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும் அது தப்பென்று. உச்சுந்து என்று எழுதிவிட்டு அழித்தேன். பிள்ளையின் சார்ட்டில் இதெல்லாம் எதற்கு என்று. பிறகு மறுபடி எழுதினேன். கிளாவர் சீட்டு வரைவதா வேண்டாமா என்று தவித்தபோது அவள் ஸ்கெட்ச் பேனாவைத் தொட்டாள். அதற்குத்தான் அந்தக் கத்தல்.

இன்று காலை போனோம். வகுப்பு வாசலில் மிஸ் நின்றிருந்தார்கள். சின்ன வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். அவர்களுக்கு மேலே யாரோ சொல்லியிருப்பார்கள்.

"மேடம், பாப்பா ஒரே ஒரு சாரி சொல்லிட்டாப் போதுங்க."

நான் ஆரம்பித்தேன். "மிஸ், புராஜெக்ட் ரொம்ப அருமையா இருந்துச்சுங்க. நீங்க எவ்வளவு சிரமப்பட்டிருப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, லேசா ஒரு..."

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் இரண்டு கைகளும் கூப்பியிருந்தன. எப்போது கூப்பினேன் என்று தெரியவில்லை. இறக்கினேன்.

"சார்ட்ட நாந்தாங்க செஞ்சேன்" என்றேன். "செவுத்துல இருக்கறது எல்லாமே அம்மாக்கள் செஞ்சதுங்க. ஏழு வயசுக்கு அது முடியாதுங்க. அவ சாரி சொல்ல மாட்டாளுங்க மிஸ்."

இந்த 'ங்க' மட்டும் என்னை விட்டுப் போகாது. ஆனால் சொல்லிவிட்டேன். உங்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுத வந்தேன். எழுதவில்லை. மிஸ் சுவரைப் பார்த்தார்கள். வௌவால், கொக்கு, எலி, ஈ. எல்லாம் நம் கையெழுத்து. "பிரின்சிபல்கிட்டச் சொல்லணுமுங்க" என்றார்கள். "சொல்லுங்க" என்றேன். இதை எழுதும்போதும் அழைப்பு வருகிறதா என்று போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மகள் உள்ளே போகத் திரும்பினாள். பை முழுசாகத் திறந்து கிடந்தது. டிபன் பாக்ஸ் வெளியே எட்டிப் பார்த்தது.

"ஃபெர்முவார்!" என்று கத்தினேன். "ஜிப்பப் போடு சாமி!"

அவள் திரும்பி நின்றாள். நாக்கால் 'ச்' கொட்டி, தலையை மேலே தூக்கிக் காட்டிவிட்டு, திறந்த பையோடு உள்ளே ஓடிப்போனாள்.